இழப்பின்பின் உள்ள வளர்ச்சி: அளவைகளின் வரலாறும் பண்பாட்டு வேறுபாடும்

1. முன்னுரை

உற்றாரை இழந்தோர் துயருறுதல் உலகத்து மக்கள் எல்லாரிடத்தும் காணப்படுவது. அத்துயர் நாளடைவில் தணிதலும் பெரும்பான்மையும் பொதுவானதே. ஆயின், இழப்பினூடே சென்ற ஒருவர் தாம் முன்னிருந்த நிலையினும் உயர்ந்ததொரு நிலையை எய்துகின்றாரா, எய்துவராயின் அவ்வுயர்வை எண்ணால் அளந்து கூறல் இயலுமா என்னும் வினாக்களுள் முன்னது பழையது. பின்னது மிக அண்மைக் காலத்தது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க உளவியலார் இதற்கெனச் சில அளவைகளை வகுத்தனர். அவை இன்று பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டுப் பல நாட்டு மக்களிடத்தும் வழங்கப்படுகின்றன.

இவ்வளவைகள் தோன்றிய வரலாற்றையும், அவை பிற பண்பாடுகளுட் புகுந்தபோது நேர்ந்தவற்றையும் காலமுறையில் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வாராய்ச்சியால் பெறப்படும் கருத்து ஒன்று. ஓர் அளவை பிறிதொரு பண்பாட்டினுட் சென்று முரண்பட்டவிடத்து, குறையை அம்மக்கள் மேலேற்றாது அளவையின் மேலேற்றி ஆராய்ந்தபொழுதே அறிவு வளர்ந்துள்ளது என்பதே அது.

உளவியற்கு உரிய இப்பொருளைத் தமிழாராய்ச்சியாளர் நோக்குவதனாற் பயன் என்னை எனின், இவ்வளவைகள் முற்றும் சொற்களால் ஆயவை என்பதே விடையாம். வெப்பத்தை அளக்கும் கருவியில் பாதரசம் எழுகின்றது. துயரினின்று தோன்றும் வளர்ச்சியை அளக்கும் கருவியிலோ வாக்கியங்களே உள்ளன. ஒரு வாக்கியத்தைப் படித்து, அது தமக்கு எவ்வளவு பொருந்தும் என இழந்தார் ஒருவர் குறிக்கின்றார். எனவே, சொற்பொருளாராய்ச்சி வல்லார் இதன்கண் கூறத்தக்கன பலவுள.

2. துயர் நோக்கப்பட்ட முறை

இழப்புத் துயரை உளவியல் முறையில் ஆராய்ந்த தொடக்க நூல்களுள் தலையாயது, சிக்மண்ட் பிராய்டு 1917-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையாகும். இயல்பான துயரத்தையும் நோயாகிய உளச்சோர்வையும் அவர் அதன்கண் வேறுபடுத்திக் காட்டினார். இறந்தார்மாட்டுச் சென்ற பற்றினைச் சிறிது சிறிதாக மீட்டுக்கோடலே துயரத்தின் பணி என்பது அவர் கொள்கை. அதன்பின் 1920-ஆம் ஆண்டில் அவர்தம் மகள் சோபி காலமானார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1929-இல், மகனை இழந்த நண்பர் பின்சுவாங்கர்க்கு வரைந்த மடலில், அத்தகைய இழப்புக்கு ஈடாவது யாதும் இல்லை என்றும், அவ்வாறு இல்லாமையே அன்பு தொடர்தற்கு வழி என்றும் கருத்துப்பட எழுதினார். கொள்கை வகுத்த பிராய்டும் மகளையிழந்த பிராய்டும் ஒருவரேனும், இருவர் கூற்றும் ஒன்றல்ல. பின்வந்தோர் பல்லாண்டுகள் முன்னைய கொள்கையையே பற்றி நின்றனர்.

1942-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள் பாஸ்டன் நகரத்துக் கோக்கனட் குரோவ் என்னும் கேளிக்கையரங்கு தீப்பற்றி 492 பேர் மாண்டனர். அந்நிகழ்ச்சியில் உற்றாரை இழந்தோர் உள்ளிட்ட 101 பேரை ஆராய்ந்து, எரிக் லிண்டெமன் என்னும் உளநோய் மருத்துவர் 1944-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மூச்சுத் தடைப்படல், உணவு வெறுத்தல், இறந்தார் உருவமே கண்முன் நிற்றல், குற்றவுணர்ச்சி, சினம் முதலிய மெய்ப்பாடுகளை அவர் வகைப்படுத்தினார். துயர் அன்றுமுதல் குறிகளால் அறியப்படும் ஒரு நோய்நிலையைப் போலக் கருதப்பெற்றது. குறிகள் உளவாயின் அவற்றை எண்ணலாம் என்னும் எண்ணம் எழுதல் இயல்பே.

அவ்வாறே 1977-இல் டெக்சஸ் துயர அளவை தோன்றியது. 1995-இல் 19 வினாக்களையுடைய சிக்கல்துயர அளவை வெளிவந்தது. இவையெல்லாம் துயரின் மிகுதியை அளந்தன. இவற்றின்கண் ஒருவர் பெறத்தக்க மிகச் சிறந்த நிலை, துயர்க்குறி யாதும் இன்மையே. துயருற்றார் துயருறுதற்கு முன்னிருந்த நிலைக்கு மீள்வதே எல்லை என இவ்வளவைகள் கொண்டன.

3. வளர்ச்சியை அளக்கத் தொடங்கியமை

மீள்வதற்கு மேலும் ஒரு நிலை உண்டு என்னும் கருத்தை அளவையாக்கியவர்கள் வட கரோலினாப் பல்கலைக்கழகத்துச் சார்லட் வளாகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கல்ஹூன் என்னும் இருவர். இவர்கள் 1996-ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவை 21 வாக்கியங்களை உடையது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. ஆகவே முழுமதிப்பு 105. வாக்கியங்கள் ஐந்து பிரிவின: பிறரோடு கொள்ளும் உறவு, புதிய வாய்ப்புகள், தன்னகத்து வலிமை, ஆன்ம மாற்றம், வாழ்வின் அருமையுணர்தல். இவற்றுள் உறவுக்கு ஏழும், வாய்ப்புக்கு ஐந்தும், வலிமைக்கு நான்கும், அருமையுணர்தற்கு மூன்றும், ஆன்ம மாற்றத்துக்கு இரண்டுமாக வாக்கியங்கள் பகுக்கப்பட்டன.

இவ்வளவையை உருவாக்கியபொழுது அதற்கு விடையளித்தவர் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர் 604 பேர். அவர்கள் அண்மை ஆண்டுகளில் உற்றார் இறப்பு முதலிய பெருந்துன்பங்களுள் ஒன்றை எய்தியவர்கள். அவர்தம் விடைகள் ஒன்றோடொன்று இயைந்த முறையினின்றே ஐந்து பிரிவுகளும் புள்ளியியல் வழியாற் பெறப்பட்டன. ஈண்டு இருசெய்திகள் நினைவிற் கொள்ளத்தக்கன. முதலாவது, ஐந்து என்னும் தொகை ஓர் நாட்டு இளையோர் சொற்களை எவ்வாறு தொடர்புபடுத்தினர் என்பதினின்று பிறந்தது. இரண்டாவது, அளவை ஆக்கியோர் தாமே வளர்ச்சியும் துயரும் ஒருங்கு நிற்கலாம் என்றும், இழப்பே நன்மை என்பது தம் கருத்தன்று என்றும் தெளிவுபடக் கூறியுள்ளனர். பின்னர் இவ்வளவையைக் கையாண்டோர் சிலர் இவ்வெச்சரிக்கையை மறந்தமையாற் குழப்பம் விளைந்தது.

2001-ஆம் ஆண்டில் நான்சி ஹோகனும் பிறரும் வேறொரு நெறியைப் பின்பற்றினர். இவர்கள் கொள்கையை முன்வைத்து வாக்கியம் அமைக்காமல், உற்றாரை இழந்தோர் தாமே கூறிய கூற்றுகளைத் தொகுத்து அவற்றினின்று 61 வாக்கியங்களைத் தேர்ந்தனர். அவை ஆறு பிரிவாயின. ஐந்து பிரிவுகள் துயரின் கூறுகளாகிய அவநம்பிக்கை, அச்சநடுக்கம், பழித்தலும் சினத்தலும், ஒதுங்குதல், ஒழுங்கு குலைதல் என்பன. ஆறாவது தன்வளர்ச்சி, அதன்கண் 12 வாக்கியங்கள் உள்ளன. பிறர்பால் இரக்கமும் பொறுமையும் மிகுதல், வாழ்வை வேறுநோக்கிற் காண்டல் போன்றவை இப்பிரிவுக்கு உரியவை. துயரும் வளர்ச்சியும் ஒரே அளவையுள் ஒருங்கு இடம்பெற்றமை இதன் சிறப்பு. இழந்தார் சொல்லினின்று அளவையைப் பெறுதல் என்னும் நெறி பின்வரும் ஆராய்ச்சிக்குப் பெரிதும் துணையாவது.

4. பாலியும் கெய்ரோவும்

அளவைகள் இவ்வாறு வளர்ந்து வந்த காலத்தே மானிடவியலார் வேறொரு பக்கத்தினின்று இப்பொருளை அணுகினர். பால் ராசன்பிளாட்டும் அவருடன் உழைத்த இருவரும் 78 சமுதாயங்களைப் பற்றிய குறிப்புகளை ஒப்புநோக்கி 1976-இல் ஒரு நூல் வெளியிட்டனர். இறப்பின்பொழுது அழுதல் உண்டா என்பதற்கு 73 சமுதாயங்களில் சான்று கிடைத்தது. அவற்றுள் 72-இல் அழுகை காணப்பட்டது. விலக்காய் நின்றது பாலித் தீவு ஒன்றே.

பாலித் தீவினர் இறப்பின்கண் முகமலர்ச்சியோடு இருத்தலைக் கண்ட மேனாட்டார் சிலர், அவர்தம் உள்ளத்து ஆழ்ந்த துயர் இல்லை என்று முடிபு செய்தனர். நார்வே நாட்டு மானிடவியலார் உன்னி விக்கன் 1980-களில் அத்தீவில் வாழ்ந்து ஆராய்ந்து இம்முடிபு பிழைபட்டது எனக் காட்டினார். 1990-இல் வெளிவந்த அவர் நூலின்படி, பாலியர் துயரை உணராதவர் அல்லர். துயர் உயிராற்றலைக் குறைத்து நோய்க்கும் பிறர் செய்யும் சூனியத்துக்கும் உடலை இலக்காக்கும் என்பதும், ஒருவர் துயர் அருகிருப்போரையும் பற்றும் என்பதும் அவர் நம்பிக்கை. ஆதலின் முகத்தை மலரச் செய்து உள்ளத்தைத் திருத்துதல் அவர் தமக்கும் பிறர்க்கும் ஆற்றும் கடமையாகின்றது. சூழ்ந்திருப்போர் நகைத்துப் பேசுதல் இரக்கமின்மை அன்று. துயருற்றாரைக் காக்கும் செயலே.

இதற்கு நேர்மாறாகக் கெய்ரோ நகரத்து வறியோர் வாழ்பகுதியில் விக்கன் கண்டது வேறு. அங்கு மகவையிழந்த தாய் நெடுநாள் ஒடுங்கியிருந்து அழுதல் இயல்பாகவும் உடல் நலத்துக்கு வேண்டியதாகவும் கருதப்படும். அழுகையை அடக்கினாலே நோய் உண்டாம் என்பது அவர் துணிபு. பிற மகளிர் அவளைச் சூழ்ந்திருந்து தத்தம் துயரையும் கூறி உடனழுவர். விக்கன் 1988-ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஒப்பிட்ட இருசாராரும் இசுலாமியரே என்பது குறிப்பிடத்தக்கது. சமயம் ஒன்றாயினும் துயரின் முறை வேறாயிற்று. எனவே, சமயத்தின் பெயரைக் கொண்டு துயரின் வடிவத்தை உய்த்துணர்தல் பொருந்தாது.

இவ்விரு மக்களிடமும் வளர்ச்சியளவையைக் கொடுத்தால் யாது நிகழும் எனக் கருதிப் பார்க்கலாம். பாலிநாட்டு மகள் தான் நலம்பெற்றதாகக் குறித்தல் கடமையின் பாற்படும். கெய்ரோ நகரத்துத் தாய் தான் மேம்பட்டதாகக் குறித்தல் மகவுக்குச் செய்யும் தீங்கெனத் தோன்றக்கூடும். இருவரும் உண்மையே கூறுவர். ஆயினும் அவர் இடும் எண்களின் வேற்றுமை, உள்ளத்து வேற்றுமையினும் தத்தம் சமுதாயத்தில் எது கூறத்தக்கது என்பதன் வேற்றுமையையே பெரிதும் காட்டும்.

5. சப்பானியர் ஆராய்ச்சி

அளவையின் வரலாற்றில் திருப்பமாய் அமைந்தது சப்பான் நாடு. 1969-ஆம் ஆண்டிலேயே யாமாமோட்டோவும் பிறரும், விபத்தில் கணவரை இழந்த டோக்கியோ மகளிர் இருபதின்மரை ஆராய்ந்து, அவர்களை இலண்டன் நகரத்துக் கைம்பெண்டிரோடு ஒப்பிட்டனர். சப்பானியர் இல்லந்தோறும் வைத்து வழிபடும் முன்னோர் பீடத்தின் முன் அம்மகளிர் உணவு படைத்தும் நறும்புகை காட்டியும் இறந்தாரோடு உரையாடியும் வந்தனர். இறந்தார் அருகிருக்கின்றார் என்னும் உணர்வு அவர்க்குத் துணையாயிற்று. பற்றினை மீட்டுக்கோடலே துயரத்தின் பணி என்னும் கொள்கையின்படி இது நோய்க்குறி. சப்பானியர் மரபின்படி இது வாழ்முறை. அந்நாட்டில் இறந்தார்க்குரிய நினைவுச் சடங்குகள் முப்பத்து மூன்றாம் ஆண்டு அல்லது ஐம்பதாம் ஆண்டு வரையிலும் நிகழ்வன.

இவ்வகைச் சான்றுகள் மேனாட்டுக் கொள்கையை அசைத்தன. 1996-இல் டென்னிஸ் கிளாஸ், பில்லிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் மூவரும் பதிப்பித்த தொகைநூல், இறந்தாரோடு கொண்ட உறவு அறுவதன்று, வேறு வடிவில் தொடர்வது என்பதை நிலைநாட்டியது. சப்பானிய முன்னோர் வழிபாடு பற்றிய கிளாசின் ஆராய்ச்சியும் அந்நூலில் இடம்பெற்றது. வளர்ச்சியளவை வெளிவந்ததும் அதே ஆண்டு என்பது கருதத்தக்கது. ஒருநூல் உறவின் தொடர்ச்சியைப் பேசிற்று. ஓர் அளவை தனியொருவர் மாற்றத்தைப் பேசிற்று. இரண்டும் நெடுநாள் தனித்தனியே சென்றன.

2007-இல் கனாகோ டாக்குவும் பிறரும் 21 வாக்கிய அளவையைச் சப்பானிய மொழியிற் பெயர்த்து மாணவரிடம் வழங்கினர். அமெரிக்காவில் ஐந்தாகப் பிரிந்தவை ஈண்டு நான்காகவே பிரிந்தன. ஆன்ம மாற்றமும் வாழ்வின் அருமையுணர்தலும் ஒன்றாய் இணைந்து நின்றன. இதன் பொருள் ஆராயத்தக்கது. மூல அளவையில் ஆன்ம மாற்றத்துக்கு உரிய இரண்டு வாக்கியங்களுள் ஒன்று சமயப் பற்று வலுப்பெறுதலைக் குறிப்பது. சமயம் என்பது தனியாக ஒருவர் கொள்ளும் நம்பிக்கை என்னும் எண்ணம் அதன் அடியில் உள்ளது. வீட்டுப் பீடத்தின்முன் நாள்தோறும் உணவு படைக்கும் ஒருவர், தம்மைச் சமயப் பற்றுடையார் எனக் கூறிக்கொள்ளாமலும் இருக்கலாம். அவர் செயல் வாழ்வையும் இறந்தாரையும் ஒருங்கே போற்றும் செயல். அதனை இருகூறாக்கியது அளவையே.

இத்தகைய முரண்பாடுகளை எண்ணிய டெடெஸ்கி, டாக்கு, கல்ஹூன் முதலியோர் அமெரிக்கா, துருக்கி, சப்பான் என்னும் மூன்று நாடுகளில் ஆராய்ந்து 2017-இல் விரிவாக்கப்பட்ட அளவையை வெளியிட்டனர். ஆன்ம மாற்றத்துக்குரிய இரண்டு வாக்கியங்களோடு நான்கு வாக்கியங்கள் சேர்க்கப்பட்டன. மொத்தம் 25 ஆயிற்று. சமயச் சொல்லாட்சி இன்றியே வாழ்வு, சாவு, உலகத்தோடு ஒன்றியிருத்தல் ஆகியவற்றைப் பற்றிய சிந்தனையும் இப்பிரிவுள் அடங்கியது. மூல அளவையை ஆக்கியவரே அதனைத் திருத்தியமை ஆராய்ச்சி நேர்மைக்கு எடுத்துக்காட்டாகும். சப்பானியர் குறைவுடையர் என்று கொள்ளப்பட்டிருப்பின் இத்திருத்தம் நிகழ்ந்திராது.

6. தற்கூற்றின் வரம்பு

பண்பாட்டு வேறுபாட்டினும் ஆழ்ந்த ஓர் ஐயமும் எழுந்தது. வளர்ந்தேன் என ஒருவர் கூறுதலும், அவர் வளர்ந்திருத்தலும் ஒன்றாகுமா? பட்ரிசியா பிரேசியரும் பிறரும் 2009-இல் இதனை ஆராய்ந்தனர். மாணவரை முன்னரே அளந்து வைத்து, இடையே பெருந்துன்பம் உற்றாரைப் பின்னும் அளந்து, இரண்டற்கும் உள்ள வேற்றுமையை அவர்தம் தற்கூற்றோடு ஒப்பிட்டனர். மாணவர் தாம் வளர்ந்ததாகக் கூறிய அளவும், இருமுறை அளந்தபொழுது கண்ட மாற்றமும் பெரும்பாலும் இயையவில்லை. ஆகவே, தற்கூற்று அளவை நேரே காட்டுவது ஒருவர் தம் வாழ்வை எவ்வாறு எடுத்துரைக்கின்றார் என்பதனையே. எடுத்துரைத்தல் பயனற்றதன்று, துயருற்றார்க்கு அது பெருந்துணையாகலாம். ஆயின் எடுத்துரைக்கும் முறையை மொழியும் மரபும் கற்பிக்கின்றன.

7. தமிழ்மரபு காட்டும் ஒப்பீடு

இவ்விடத்தே தமிழிலக்கண மரபு ஒரு தெளிவைத் தருகின்றது. தொல்காப்பியர் புறத்திணையியலுள் காஞ்சித்திணையின்கண் இறப்பைச் சார்ந்த துறைகள் பலவற்றை வகுத்தார். கணவனையிழந்தாள் தனித்து நின்று புலம்புதல் முதுபாலை. கைம்மை நோன்பு தாபதநிலை. மனைவியை இழந்தான் நிலை தபுதாரநிலை. இறந்தார்க்காகப் பிறர் இரங்குதல் கையறுநிலை. இப்பகுப்பின் அடிப்படை, இழந்தார் இறந்தார்க்கு என்ன முறையினர் என்பதே. இழந்தார் எவ்வளவு மாறினார் என்பது ஈண்டுக் கேட்கப்படவில்லை. உறவை முன்னிறுத்தி நோக்கும் பகுப்பும், தனிமனிதரை முன்னிறுத்தி நோக்கும் அளவையும் வேறுவேறு வினாக்களுக்கு விடையாவன.

தபுதாரநிலைக்குச் சிறந்த இலக்கியமாய் நிற்பது, சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை தன் தேவி இறந்தபொழுது பாடிய புறநானூற்று 245-ஆம் பாட்டு. தன் துயர் எத்துணைப் பெரிதாயினும் தன் உயிரைப் போக்கும் வலிமை அதற்கு இல்லாமற் போயிற்றே என்பது அப்பாட்டின் உட்கிடை. தான் இன்னும் வாழ்ந்திருத்தலை அவன் தன்மேல் ஏற்றிக்கொண்ட பழியாகக் கூறுகின்றான். இனி, மூல அளவையில் வலிமைப் பிரிவை நோக்குக. தான் எண்ணியதினும் வன்மையுடையேன் என உணர்தல் அதன்கண் மதிப்பெண் பெறுவதாகும். துயரைத் தாங்கி உயிரோடிருத்தல் என்னும் ஒரே உண்மை ஓரிடத்துப் பேறாகவும் மற்றோரிடத்துப் பழியாகவும் உரைக்கப்படுகின்றது. அவ்வரசன் இப்பிரிவில் சுழியமே பெறுவான். அதனால் அவன் உள்ளம் வறிது எனக் கொள்வார் யார்?

பாட்டு என்பது வாழ்க்கைக் குறிப்பு அன்று. ஒரு துறையின் மரபுக்கு உட்பட்டது என்று தடை கூறலாம். அத்தடை உண்மையே. ஆயின் அதுவே ஈண்டு வேண்டப்படுவதும் ஆம். அளவைக்கு விடையளிப்போரும் தத்தம் மொழிமரபுக்கு உட்பட்டே விடையளிக்கின்றனர். பாடாண் மரபும் கையறுநிலை மரபும் அறிந்தாரே அவ்வப்பாட்டின் பொருளை அறிதல்போல, இழந்தார் பேசும் மரபை அறிந்தாரே அவர் இட்ட எண்ணின் பொருளை அறிவர்.

சொல்லாராய்ச்சி இதனை மேலும் விளக்கும். வளர்ச்சி என்னும் சொல் பயிர்க்கும் குழவிக்கும் தொழிற்கும் இயல்பாய்ப் பொருந்துவது. கணவர் இறந்தபின் வளர்ந்தேன் என்று தமிழ்மகள் ஒருத்தி கூறாள்; பிறர் அவ்வாறு வினவினும் அது செவிக்கு இன்னாததாம். ஆறினேன், தேறினேன், தெளிந்தேன், பக்குவப்பட்டேன் என்றே கூறுதல் கூடும். இவை ஒருபொருட் கிளவிகள் அல்ல. ஆறுதல் புண்ணுக்கும் வெம்மைக்கும் உரிய சொல். துன்பம் தணிதலையே குறிக்கும். முன்னினும் உயர்தல் அதன் பொருளன்று. தேறுதல் தளர்ந்தது வலிபெறுதலையும், ஐயம் நீங்கித் துணிதலையும் ஒருங்கே உணர்த்தும். தெளிதல் கலங்கியது அடங்கித் தூய்தாதல். பக்குவம் கனியின்கண்ணும் மனிதரிடத்தும் காலத்தால் வருவது. முயற்சியால் எய்துவதெனக் கூறப்படாதது. இந்நான்கனுள் யாதானும் ஒன்றைத் தேர்ந்து ஆங்கிலச் சொல்லுக்கு நேராக இட்டவழி, நாம் அளப்பது அவ்வாங்கிலச் சொற்பொருள் ஆகாது. நாம் தேர்ந்த சொல்லின் பொருளே ஆகும்.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. முதலாவது, துயரைக் குறிகளால் எண்ணிய காலத்தினின்று வளர்ச்சியையும் எண்ணிய காலத்துக்கு ஆராய்ச்சி வந்தமை ஒரு முன்னேற்றமே. இழந்தாரை நோயாளராக மட்டும் நோக்கும் குறையை அது நீக்கியது. இரண்டாவது, அவ்வளவைகள் தோன்றிய இடத்தின் இயல்பு அவற்றுள் உறைந்துள்ளது. பாலியும் கெய்ரோவும் சப்பானும் அதனை வெளிப்படுத்தின. மூன்றாவது, அயல் அளவையை மொழிபெயர்த்து வழங்குவதினும், ஹோகன் முதலியோர் செய்தாங்கு அவ்வம்மொழியில் இழந்தார் கூறுவனவற்றைத் தொகுத்து அவற்றினின்று அளவை அமைத்தலே சாலும்.

இஃது ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. 2022-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பதினொன்றாம் பதிப்பும், அதே ஆண்டில் திருத்தி வெளியிடப்பட்ட அமெரிக்க உளநோய்க் கையேடும் நீடித்த துயரை ஒரு நோயாகச் சேர்த்துள்ளன. முன்னது ஆறு திங்களையும் பின்னது வயதுவந்தோர்க்குப் பன்னிரண்டு திங்களையும் எல்லையாக வைத்துள்ளன. அவரவர் சமுதாயமும் பண்பாடும் சமயமும் வகுத்த முறைக்கு விஞ்சியதாயிருத்தல் வேண்டும் என்னும் வரையறையும் இரண்டிலும் உண்டு. அவ்வரையறையை நிறைவேற்றுதற்கு அம்முறை யாது என்பதை எவரேனும் அறிந்து கூறல் வேண்டும். மருத்துவர் அதனைத் தம் கருவியால் அறியவியலாது. ஒப்பாரி, இரங்கற்பா, சடங்குச் சொல், நாட்டு வழக்கு ஆகியவற்றை ஆராய்வாரே அறிவர். நம் முதுகலை மாணவர், ஆறுதல் தேறுதல் முதலிய சொற்கள் எவ்வெம்மக்களால் எவ்வெச் சூழலில் வழங்கப்படுகின்றன என ஊர்தோறும் தொகுப்பாராயின், அத்தொகுதி இத்துறைக்குப் பெரும்பயன் விளைக்கும்.

இறுதியாக ஒன்று கூறுதல் வேண்டும். வளர்ச்சியை அளக்கும் கருவி கைக்கு வந்தபின், வளராதாரை நோக்கி ஏன் வளரவில்லை என வினவும் மனப்பான்மையும் உடன் வருதல் கூடும். மகவையிழந்த தாய்க்கு, அவ்விழப்பினால் மேம்பட்டாய் எனக் காட்டுக என்னும் கடமை ஏதும் இல்லை. குறைந்த எண் அன்பின் குறைவையோ உரத்தின் குறைவையோ காட்டுவதன்று. அவர் தம் மொழியில் அவ்வினா இன்னும் செவ்விதாக வினவப்படவில்லை என்பதற்கே அது சான்றாயிருத்தலும் கூடும்.